சிங்காரத்தின் டிஸ்சார்ஜ் பரீட்சை

"வீட்டுக்குப் போனதும் என்ன செய்யக் கூடாது? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள் நர்ஸ் ஜான்சி.

சிங்காரத்துக்குக் குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ஆனால் அந்தச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில், சொல்லிக்கொடுத்ததை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் வீட்டுக்கு விடுவார்கள். நாளைக் காலை கடலூரில் அவருடைய புதுப் படகு கடலில் இறங்குகிறது. படகுக்குச் சொந்தக்காரன் தோள் முதலில் படாமல் அவர்கள் குப்பத்தில் எந்தப் படகும் நகராது.

"வெயிட் தூக்கக் கூடாது."

"கரெக்ட். நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"படகத் தள்ளப் போறேன்."

ஜான்சி பேனாவை மூடினாள்.

மனைவி சௌந்தரம் காப்பாற்ற வந்தாள். "சும்மா தோள் குடுப்பாரு சிஸ்டர். எப்பவும் இன்ஜினத் தனியாத் தூக்குவாரு, நாளைக்கு மட்டும் தொணைக்கு ஒரு ஆள வெச்சிக்குவாரு."

"சாயங்காலம் மறுபடி கேப்பேன். அப்பவும் இப்படித்தான்னா டாக்டர் விட மாட்டாரு."

"நல்லாக் காப்பாத்துன போ!" என்று கத்தப்போய் சிங்காரத்துக்கு இருமல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார்.

"தலகாணிய வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமுங்க" என்றது பக்கத்துக் கட்டில். பண்ருட்டி வாத்தியார் செந்தமிழ்செல்வன்.

அணைத்தார். வலி பாதியானது. சிங்காரம் அசந்துபோனார்.

அதோடு விடவில்லை வாத்தியார். ஒருக்களித்து எழுவது, முக்காமலிருக்கப் பழமும் தண்ணீரும், தையல் சிவந்தாலோ காய்ச்சலடித்தாலோ உடனே ஓடிவருவது என்று மூச்சுவிடாமல் சொன்னார். நட்சத்திரம் பார்த்துப் படகைக் கரை சேர்ப்பவர்களைக்கூடச் சிங்காரம் இப்படி வியந்ததில்லை.

"அப்ப படகு சார்?"

"தோள வைங்க, பாரத்த வைக்காதீங்க. மச்சான்மாரு தள்ளட்டும். ஆமா, ஆபரேஷனுக்கு முன்ன முதுகுல போட்ட மயக்க ஊசி வலிச்சுதா?"

இதுவும் பரீட்சைதான் என்று நினைத்து, "எறும்பு கடிச்சாப்புல" என்றார் சிங்காரம். வாத்தியார் வெகுநேரம் தலையாட்டினார்.

சாயங்காலம் ஜான்சி கேட்ட ஒரு கேள்விக்கும் சிங்காரம் திக்கவில்லை; டிஸ்சார்ஜ் கிடைத்தது. நன்றி பொங்கி வாத்தியார் காலில் விழப்போனார்.

"குனியக் கூடாது!" என்று வாத்தியார் கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்துத் தடுத்தார்.

வாசல்வரை சிங்காரத்துக்கு அதே பிரமிப்புதான். "எத்தினி ஆபரேஷனத் தாங்குன ஒடம்போ சிஸ்டர் அது!"

ஜான்சி சிரித்தாள். "அவருக்கு இன்னும் ஒண்ணுகூட ஆவலீங்க, ஒவ்வொரு வாட்டியும் தியேட்டர் வாசல்லேருந்து ஓடியாந்துடுவாரு, உங்க தைரியத்தப் பாத்துதான் நாளைக்கு உள்ள போறேன்னு ஒத்துக்கிட்டு இருக்காரு."