வயர்மேனின் சத்தமில்லாத கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இஞ்சின் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி, குடையோடு வேலை மேற்பார்க்கும் மண்டோர், பல் விளக்காமல் ஓடிவந்த லயத்து வரிசை வீட்டு ஜனம் ஒரு முப்பது பேர், மூன்று ஆடுகள், நான். வராதவர் ஒரே ஒருவர், அஞ்சலை அண்ணி. யாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும் என்று அந்தக் கார் செய்யப்பட்டதோ, அவர்.

காரைச் செய்தவர் அண்ணியின் கணவர், எங்கள் எஸ்டேட் வயர்மேன். கார் சத்தம் போடுகிறது என்று ஏச்சு வாங்கியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. கார் சத்தம் போடவில்லை என்று ஒரு எஸ்டேட் முழுவதிடமும் ஏச்சு வாங்கியவர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

லாபு பக்கத்தில் ரப்பரும் செம்பனையும் பாதிப்பாதியாக இருந்த எஸ்டேட் அது. அப்போது எங்களுக்கு வெளி மின்சாரம் வரவில்லை. இஞ்சின் வீட்டில் ஒரு டீசல் இஞ்சின் விடிகாலையில் இரண்டு மணி நேரமும், சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரையும் ஓடும். அதை எழுப்புவதும் தூங்கவைப்பதும் வயர்மேன் வேலை. அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. ஆபீஸில் சின்னக் கிராணியாக இருந்த எனக்கு அது தெரியும். சொன்னால் எஸ்டேட்டில் யாருக்கும் ஆளைத் தெரியாது.

மனிதர்களை அவர் ஆம்பியரில் அளப்பார். "பெரிய கிராணி பதினஞ்சு ஆம்பியர்லா. தொரை முப்பது. நீ அஞ்சுதான் தம்பி. படிச்சிருக்க, நல்லா எரிவ, ஆனா இஸ்திரிப் பெட்டி போட்டா போயிடுவ."

"அண்ணி?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அதுக்கு பியூசே கெடையாது. நேரா மெயினு."

அஞ்சலை அண்ணி பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. வலது முழங்காலில் வலி. லாபு சந்தைக்கு மூன்று மைல் செம்மண் சாலையில் காலை இழுத்து இழுத்து நடப்பார். போனஸ் வந்த வருஷம் லயத்தில் ஆளாளுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தார்கள். அண்ணியும் மோட்டார்தான் கேட்டார். வயர்மேன் போனஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சுங்கை காடுட்டுக்குப் போனார். அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில், கோல்ப் விளையாடுகிறவர்கள் உட்கார்ந்து போகும் சின்ன வண்டி ஒன்று எலும்புக்கூடாகக் கிடந்தது. மோட்டார் மட்டும் உயிரோடு இருந்தது. அதை வாங்கி லோரியில் ஏற்றிவந்து, மூன்று லோரி பேட்டரியைச் சேர்த்து, கூரைத் தகரத்தில் உடம்பு செய்து, உடைந்த பஸ்ஸின் சீட்டைப் பொருத்தி, எஸ்டேட் கேட்டுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்டைப் பூசினார். எட்டு மாதம் ஆயிற்று.

"நான் கேட்டது மோட்டாரு," என்றார் அண்ணி, லயம் முழுக்கக் கேட்கும்படி. "இவரு நாலு சக்கரம் வச்ச டார்ச் லைட்ட கொண்டாந்து நிறுத்தியிருக்காரு. இதுல ஏறுனா என் பேரு அஞ்சலை இல்ல!"

அதனால்தான் முதல் ஓட்டத்துக்கு அவர் வரவில்லை. வந்திருந்த நாங்கள் கார் எப்போது ஸ்டார்ட் ஆகும் என்று காத்திருந்தோம். "எவ்வளவு நேரம்யா? ஸ்டார்ட் பண்ணுலா!" என்று மண்டோர் கத்தினார். அதற்குள் கார் பத்தடி போய்விட்டிருந்தது. உறுமல் இல்லை, புகை இல்லை. தாடியில் தகரம் இடித்த பிறகுதான் ஓர் ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. வேகத்தைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கித் திரும்பி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வயர்மேனோடு வீட்டு விஷயம் பேசியபடி கூடவே நடந்தார்.

ஒரு சுற்று முடிந்ததும் வயர்மேன் காரைத் தன் வீட்டு முன்னால் நிறுத்தி, இடது பக்கத்து சீட்டைத் துண்டால் துடைத்தார். வீட்டுக் கதவு திறக்கவில்லை. கால் மணி நேரம் இருந்துவிட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கதை. நிறுத்துவார், துடைப்பார், காத்திருப்பார், போய்விடுவார்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமே! இஞ்சின் ஓடும் சாயங்காலங்களில்தான் ஏற்ற முடியும். கார் ஒரு மூச்சு இழுத்தால் எஸ்டேட் முழுக்க விளக்கு பூசணிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் வாரத்துக்கு ஒருநாள் டிவியில் தமிழ்ப்படம். அன்றும் அவர் பிளக்கைச் செருகினார். நான்கு பக்கமும் கறுப்பு வளர்ந்து படம் நடுவில் சுருங்கியது. கதாநாயகி நெருப்புப்பெட்டி அளவுக்கு வந்தபோது, ஜனம் எழுந்து இஞ்சின் வீட்டுக்குப் போனது.

"அவ அழறாளா சிரிக்கிறாளான்னே தெரியலய்யா!"

"சின்னதா இருந்தாலும் அழகாத்தான இருக்கா?" என்றார் வயர்மேன்.

அன்று அவர் அடி வாங்காமல் தப்பியது பெரிய கிராணி குறுக்கே விழுந்ததால். எஸ்டேட் மேனேஜரான துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, படம் இல்லாத நாட்களில் மட்டும் சார்ஜ் செய்வது என்று முடிவாயிற்று. எழுத்து என்றால் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். எஸ்டேட்டில் எவருக்கு எது எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் இரண்டு நாள் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். காரின் சிறப்புகளைச் சொன்ன இடத்தில் இப்படி ஒரு வாக்கியம்: இந்த வாகனம் எள்ளளவும் ஓசை எழுப்பாது, ஒருவர் அறியாமலே அவரை ஒரு கஜ தூரம் வரை இதில் நெருங்க முடியும். லயத்துக் கைக்குழந்தைகளின் தூக்கத்தை மனத்தில் வைத்து எழுதினேன். இன்று படித்தாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

துரை அதை இரண்டு தடவை படித்தார். "நல்ல கடிதம்," என்று என்னைப் பாராட்டி, அனுமதியில் கையெழுத்துப் போட்டார். பிறகு, அந்தக் காரை மூன்று நாளைக்கு இரவல் கேட்டார்.

இந்த இடத்தில் எஸ்டேட் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துரையின் ஜீப் அரை மைலுக்கு அப்பால் வரும்போதே காட்டுக்குள் கேட்கும். முதலில் கேட்டவர் ஒரு விசில் அடிப்பார். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் எழுவார், வெற்றிலை வெளியே போகும், கத்தி கைக்கு வரும். ஜீப் வந்து சேரும்போது எங்கும் உழைப்பு மயம். துரை திருப்தியோடு திரும்புவார். இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பல வருஷமாக எஸ்டேட் இப்படித்தான் சுமுகமாக ஓடியது.

முதல் நாள் மண்டோர் ஒரு மரத்தடியில் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். விழித்தபோது எதிரே பச்சைக் காரில் துரை, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் இரண்டு பேர். மூன்றாம் நாள் ஒருவர்தான், காப்பித் தண்ணிப் போத்தலும் கையுமாக. அது என் அம்மா. துரைக்கும் அம்மாவுக்கும் நடுவில் சரியாக ஒரு கஜம்.

நான்கு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு தடவை பிடிபட்டால் வேலை போகும். டைப் அடித்தவன் நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியவனும் நான். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கு. யாரு எழுதுனது?"

"நான்தாம்மா."

"ம்," என்றார். மூன்று நாள் என் தட்டில் மீன் விழவில்லை. குழம்பு மட்டும் விழுந்தது.

ஆனால் எனக்கு விழுந்தது கொசுக்கடி. முழு அடியும் அஞ்சலை அண்ணிக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது யாரும் அவரோடு நடக்கவில்லை. பைப்படியில் அவர் வாளியை வைத்தால் மற்ற வாளிகள் நகர்ந்தன. "ஊட்டுக்காரரு காரு ஓட்டுறாரு, தொரை ஆள் புடிக்கிறாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணி வீட்டுக்கு வந்து வாளியை இறக்கினார். கத்தவில்லை. அதுதான் வயர்மேனைப் பயமுறுத்தியது.

"இத்தன நாளா கோவத்துல ஏறல," என்றார். "இனிமே மானத்துக்காவ ஏற மாட்டேன்."

மறுநாள் வயர்மேன் மாட்டுக்காரரிடம் போய் மூன்று மணிகள் வாங்கிவந்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மூன்றும் அடிக்கும்படி கம்பி வைத்துக் கட்டினார். அடுத்த ஊர் மந்தின் வரைக்கும் கேட்கும் என்றார் பெரிய கிராணி. காட்டில் பெண்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டு, வந்தவர் வயர்மேன் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

துரை கூப்பிட்டு அனுப்பினார். நான் பைலோடு கதவோரம் நின்றேன்.

"அந்த மணி எதுக்கு?"

"ஆட்டுக்கு, தொரை. ஒதுங்கவே மாட்டேங்குது."

"கார் எனக்கு மறுபடி வேண்டும். மணியைக் கழற்று. தினமும் சார்ஜ் போட்டுக்கொள், ஒன்றும் சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் இன்றோடு எஸ்டேட் கரண்டில் கை வைக்காதே."

வயர்மேன் தரையைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை எடுத்தார், திரும்ப வைத்தார். எட்டு மாத வேலை, ஒரு வருஷ போனஸ், துண்டால் துடைத்துத் துடைத்துப் பளபளத்த ஒரு காலி சீட்டு. எல்லாம் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன்.

"அப்ப சார்ஜ் வேணாம் தொரை," என்றார்.

வெளியே வந்ததும் என்னிடம், "உள்ள எட்டு மைலுக்கு இருக்கு தம்பி. சும்மா வச்சிருந்தா தானா எறங்கிடும்," என்றார். உடல்நிலை மோசமான உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மணிச் சத்தத்தோடு காரைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்தினார். சீட்டைத் துடைத்தார். கதவு திறந்தது. நீலச் சேலையும் சந்தைக் கூடையுமாக அண்ணி. துரை ஆபீஸில் நடந்ததை அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். அஞ்சு ஆம்பியர் ஆட்களுக்கு ரகசியம் தாங்காது.

அண்ணி காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இதுல எந்தப் பக்கம் ஏறணும்?"

வயர்மேன் இடது பக்கம் கையைக் காட்டினார். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். முதலில் பேசியது என் அம்மா. "தலையக் குனிஞ்சு ஏறு அஞ்சலை. தகரம் இடிக்கும்."

நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். முந்தாமல் இருப்பதற்காக வழி நெடுக பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. லாபுவில் தேத்தண்ணி போடும் நானா கடைக்காரர், "எறங்காதீங்கக்கா, எறங்காதீங்க!" என்று ஓடிவந்து தேத்தண்ணியைக் காரிலேயே நீட்டினார். அண்ணி ஒரு வாய் குடித்தார். அப்போதுதான் ஒரு போலீஸ்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

இது மாடா காரா என்று மலாயில் கேட்டார். கார் என்றதும் அபராதம் எழுதும் சமன் புத்தகத்தை எடுத்தார். நம்பர் பிளேட் இல்லை. ரோட் டேக்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லை.

"இஞ்சின் நம்பர்?"

"இஞ்சினே இல்லீங்க," என்றார் வயர்மேன்.

போலீஸ்காரர் பேனாவை இறக்கினார். "இஞ்சின் இல்லாமல் எப்படி வந்தீர்கள்?"

அண்ணி குவளையைக் கீழே வைக்காமல் பதில் சொன்னார். "பெலான் பெலான்லா." மெதுவாகத்தான்.

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். இனி இதைச் சாலையில் ஓட்டக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணி இறங்கப் போனார்.

"நீ உக்காரு," என்றார் வயர்மேன். "ஓட்டக் கூடாதுன்னுதான சொன்னாரு? தள்ளக் கூடாதுன்னு சொல்லலியே."

என் சைக்கிளை நானா கடையில் விட்டுவிட்டு, மூன்று மைல் தள்ளினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்ணி ஓட்டுகிற பக்கத்துக்கு நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மடியில் கத்தரிக்காயும் கருவாடுமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "பள்ளம் வருது, மெள்ள! அந்த மனுசனுக்கு மூச்சு வாங்குது பாரு தம்பி, நீ நல்லாத் தள்ளு!" என்று அதட்டினார். பேட்டரியில் இன்னும் ஐந்து மைல் மிச்சம் இருந்தது. வயர்மேனுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணி தானே சிரம்பானுக்குப் போய் எண்பது வெள்ளி அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தார். எல்லாம் என் கடிதத்தால் வந்த வினை என்று, சம்பளத்திலிருந்து இருபது வெள்ளியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி என் கையைத் தள்ளிவிட்டார்.

"நீயா காருல போன? நாங்க ரெண்டு பேருதான போனோம்," என்றார். "ஆளுக்கு நாப்பது வெள்ளி. போ."