கூட்டல் ஐந்தரை

"தம்பி எமிலியானுஸ், பூசை லைவ் திறக்கேக்க பிரசங்கமும் முடியிற நேரம். முதல் அரை மணித்தியாலம் எங்கை போனது?"

ஞாயிற்றுக்கிழமை காலை. ரொறன்ரோவில் இன்னும் சனி இரவுதான் என்பதால் அங்கிருந்து யாகப்பர் தொலைபேசியில் நிதானமாகக் கேட்டார். எமிலியானுஸ் கணினியைத் திறந்தான்.

"புரோகிராமில சின்னப் பிழை, மாமா. திருத்திறன்."

"உம்மையும் காணேல்லை?"

"நான் கமராவுக்கு நேர கீழ நிண்டனான்."

யாகப்பர் இன்னும் மாமா ஆகவில்லை. அவர் மகள் பெற்றிசியாவை இவனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெற்றிசியாவுக்குச் சம்மதம். இவனுக்கோ அவள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வேறு நினைப்பில்லை. யாகப்பர்தான் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார்: மாப்பிள்ளை கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், ஞாயிறு பூசை தவறாதவனாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு எமிலியானுஸ் வாயாலேயே உறுதி கொடுத்துவிட்டான். முதலாவதைக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. ஓலைத்தொடுவாய்க் கோயிலில் பூட்டிய கமரா பூசை நேரத்துக்குத் தானாகத் திறக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஊராருக்கு அவரவர் நேரத்தில் தகவல் போகும்.

பூசை ஆறரைக்கு என்று கோயில் மணி அடிக்கும் சிங்கராசா தொலைபேசியில் சொல்லியிருந்தார். அதை 06:30+05:30 என்று எழுதினான். இலங்கை நேரம் ஆறரை, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். இதில் பிழைக்க என்ன இருக்கிறது?

யோசித்தான். உலகத்தில் பெரும்பாலான நாடுகள் முழு மணிக் கணக்கில் வாழ்கின்றன. நமக்குத்தான் அந்த அரை. புரோகிராம் ஐந்தை வாசித்துவிட்டு முப்பதை விட்டுவிட்டது என்று முடிவு கட்டினான். சோதித்துப் பார்க்கப் பொறுமை இல்லை. விடுபட்ட முப்பது நிமிடத்தை நேரத்தோடு கூட்டிவிட்டான்.

அடுத்த ஞாயிறு கமரா திறந்தபோது சிங்கராசா தும்புத்தடியால் வாங்கு வரிசைகளுக்கிடையே கூட்டிக்கொண்டிருந்தார்.

"பூசை முடிஞ்சு தும்புத்தடி காட்டுறீர்," என்றார் யாகப்பர்.

"கூட்டுறதோ கழிக்கிறதோ எண்டதிலதான் பிழை, மாமா."

கூட்டிய அரை மணியை எடுத்தான். கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கினான். ஒரு சிறு கோடு. அந்தக் கோடு ஒளிபரப்பைப் பதினொரு மணித்தியாலம் தள்ளிவிட்டது. மூன்றாம் ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்குக் கமரா திறக்க, பாடகர் குழுவில் றோஸ்மேரியும் செலீனாவும் யார் தனியாகப் பாடுவது என்று பிடித்த சண்டையை ரொறன்ரோவும் பாரிஸும் பார்த்தன. பாரிஸிலிருந்து றோஸ்மேரியின் தங்கை தொலைபேசி எடுத்து, செலீனாவைத் தானும் இரண்டு கேள்வி கேட்டாள்.

யாகப்பரின் குரலில் இப்போது அந்த நிதானம் இல்லை.

"வாற ஞாயிறு நீர் பூசைக்கு நிண்டு, உம்மடை போனில எனக்கு வீடியோ கோல் எடும். அதுவும் பிழைச்சா இந்தப் பேச்சை விடுவம்."

எமிலியானுஸ் எல்லாத் திருத்தத்தையும் அழித்துவிட்டுப் பழைய 06:30+05:30 ஐயே வைத்தான். ஞாயிறு ஆறு இருபத்தைந்துக்கு வீடியோ அழைப்பில் யாகப்பரை எடுத்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனான். உள்ளே பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் சிங்கராசா நின்றார்.

"அண்ணை, பூசை ஆறரைக்கெண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம், ஆறரைக்குத்தான் தொடங்கினது. மணிக்கூட்டைப் பாரும்."

கோயில் மணிக்கூட்டில் ஏழாக இன்னும் ஐந்து நிமிடம்.

"அது அரை மணித்தியாலம் முந்தி ஓடுது, அண்ணை."

"ரெண்டாயிரத்து ஆறில அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. நாங்கள் மணிக்கூட்டைத் தொடேல்லை. தொட்டிருந்தா சனம் பிந்தி வரத் தொடங்கியிருக்கும்."

எமிலியானுஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெற்றிசியாவின் கை பாதி கிடைத்துவிட்டது போலிருந்தது.

"கேட்டியளே, மாமா? என்ரை புரோகிராம் முதல் நாளே சரி. மணிக்கூடுதான் பிழை. இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சிங்கராசா திரையை எட்டிப் பார்த்து, யாகப்பரை மரியாதையாகக் கும்பிட்டார்.

"தம்பியில குற்றமில்லை, ஐயா. இவ்வளவு வருசத்தில ஒரேயொரு ஞாயிறு பூசைக்கு வந்திருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."