பதின்மூன்றாவது குழி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் புல்வெட்டும் வண்டியை நூல் பிடித்த மாதிரி ஓட்டியவனுக்கு ஒரு தாளில் நேராக ஒரு வரி எழுத வரவில்லை. எல்லா வரியும் வலது பக்கம் போகப் போக மேடு ஏறுகிறது. சில எழுத்து குண்டாக இருக்கும், சில எழுத்து பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். நூலக மாடியில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்கு எட்டு மாதமாகப் போகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்கிறார் டீச்சர். எனக்கு அரைப் பக்கத்திலேயே தோள்பட்டை கழன்று விடுகிறது. அதனால் இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே எல்லோரும் நலம், என் ஆள்காட்டி விரல் ஒன்றைத் தவிர. அங்கே நீங்கள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நலம் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்கள் தங்கை உங்களோடு போனில் பேசும்போது நான் பக்கத்து அறையில் பேப்பரைப் புரட்டிக்கொண்டு, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.

பேப்பர் என்றதும் நினைவு வருகிறது. நாம் பூங்காவில் வேலை பார்த்த காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய மரத்தடியில் சாய்ந்துகொண்டு எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவீர்களே. ஒரு நாள், "மாப்ள, உங்களப் பத்தி வந்திருக்கு. நாட்டுலயே நேரா புல்லு வெட்டுற ஆளாம்" என்று வாசித்தீர்கள். நான் அந்தத் தாளை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது நானே பேப்பர் படிக்கிறேன் மச்சான். ஒரு நாளும் நீங்கள் வாசித்த அளவுக்கு நன்றாக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பூங்காவில் ஒரு புது விளையாட்டு வரப்போகிறது. பாத்திர மூடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதைத் தூரத்தில் இருந்து எறிய வேண்டும். இரும்புக் கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடை ஒன்று இருக்கும், தட்டு அதற்குள் விழ வேண்டும். கோல்ஃப் மாதிரிதானாம், பந்துக்குப் பதில் தட்டு. இப்படி ஒன்பது கூடை. இதை நடத்துகிற குழுவுக்குத் தலைவி நம் ஊர்ப் பல் டாக்டரம்மா. ஒரு நாள் வகுப்பு முடிந்து நான் இறங்கும்போது அந்த அம்மா நூலகத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ பச்சையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நம் பூங்கா! வானத்தில் இருந்து எடுத்த படம். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. "அது நம்ம புல்லு" என்றேன். "உங்களுக்கு இந்த இடம் தெரியுமா அய்யா?" என்றார். முப்பத்தாறு வருஷம் வெட்டியவனிடம் கேட்கிற கேள்வியா அது? அன்று முதல் நான் அந்தக் குழுவின் ஆலோசகர். இப்படிச் சொல்லுமாறு அவரே சொன்னார்.

அந்த வரைபட மென்பொருள் முழுக்க இலவசம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், கோடு போடலாம், பெயர் எழுதலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மவுஸைப் பிடித்து இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி வைத்தால் நடுவில் எத்தனை மீட்டர் என்று அதுவே சொல்லிவிடும். மேட்டில் இருந்து குளத்துக்குத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் என்றது. நானும் புல்வெட்டும் வண்டி ஓட்டிய கணக்கில் போட்டுப் பார்த்தேன், ஒரு மீட்டர்தான் பிசகு. "மெஷின் பரவாயில்ல" என்று சொன்னேன், டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எறிகிற தட்டு கடைசியில் இடது பக்கம் சாயுமாம். நம் பழைய சிவப்பு வண்டியும் அப்படித்தானே இழுக்கும்? அதனால் எந்தக் கூடையை எங்கே வைத்தால் தட்டு மரத்தில் முட்டாது, நடைபாதையில் போகிறவர் மண்டையில் விழாது என்பதெல்லாம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பிறகு, புதிதாக எழுதப் படித்தவன் கை சும்மா இருக்குமா? இடங்களுக்கெல்லாம் பெயர் எழுதினேன். "மச்சான் தூங்கும் நிழல்", "வண்டி கவிழ்ந்த மேடு", "அதிகாரி வழுக்கிய இடம்". ஏதோ என் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற நினைப்பு. மறுநாள் காலை பார்த்தால் ஊரில் எல்லோருடைய போனிலும் அதே பெயர்கள். இப்போது இருக்கும் பூங்கா அதிகாரியம்மா என்னைக் கூப்பிட்டு, "நான் எப்பங்க வழுக்குனேன்?" என்று கேட்டார். அது முப்பது வருஷத்துக்கு முந்தைய அதிகாரி, அதுவும் மழை நாள் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அழித்துவிடலாம் என்றால் தட்டு எறிகிறவர்கள் விடவில்லை. மூன்றாவது கூடைக்கு "மச்சான் தூங்கும் நிழல்" என்றே பலகை எழுதிவிட்டார்கள். கோபப்படாதீர்கள்.

கோபம் என்றதும் கை நின்றுவிட்டது. மூன்று நாளாக இந்த வரியிலேயே நிற்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன் குளத்துக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை, பூமிக்கடியில் குழாய் எங்கோ ஒழுகுகிறது என்று தோண்டினோமே. பம்பு அறையில் இருந்து குழாய் நேராகப் போகிறது என்றேன் நான். இல்லை, பெரிய மரத்தைச் சுற்றி வளைந்து கல் பெஞ்சுக்குக் கீழே போகிறது என்றீர்கள் நீங்கள். தண்ணீர் உங்கள் வேலை, புல்தான் என் வேலை. ஆனாலும் நான் சத்தமாகப் பேசினேன், அதிகாரி என்னை நம்பினார். நேர்கோட்டில் பன்னிரண்டு குழி. ஒன்றிலும் குழாய் இல்லை. ஒவ்வொரு குழிக்கும் "ஆழம் பத்தல" என்றேன் நான். கடைசியில் நீங்கள், "நான் சொல்ற இடத்துல ஒரே ஒரு குழி தோண்டிப் பாருங்க" என்று கேட்டீர்கள். பன்னிரண்டு குழி பார்த்த கடுப்பில் அதிகாரி போதும் என்றுவிட்டார். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோண்டியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அத்தனை பேருக்கு நடுவில், "எழுத்தே தெரியாத ஆளு, குழாய் போற வழிய மட்டும் படிச்சுப் பார்த்த மாதிரி பேசுறாரு" என்று நீங்கள் சொன்னது உள்ளே குத்திக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே நீங்கள் பம்பு அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இப்போது கேளுங்கள். வரைபடத்தில் குழாய் போகும் பாதையையும் குறிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் நீல நிறத்தை எடுத்து, பம்பு அறையில் இருந்து குளம் வரை ஜம்மென்று ஒரு நேர்கோடு போட்டேன். "உறுதியா அய்யா?" என்று கேட்டார். "தலைய அடகு வைக்கிறேன்" என்றேன். ஏழாவது கூடையை அந்தக் கோட்டுக்கு எட்டாத தூரத்தில், பத்திரமாக, கல் பெஞ்சு ஓரமாக வைத்தோம். போன மாதம் கம்பம் நட நாள் குறித்தார்கள். குழுவின் செயலாளரான மருந்துக்கடைக்காரர் பேச்சு எழுதிக்கொண்டு வந்து வாசிக்கத் தொடங்கினார். அந்த ஏழாவது கூடையில்தான் தொடக்கம், முதல் குழியை ஆலோசகர்தான் தோண்ட வேண்டும் என்று கடப்பாரையை என் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது குத்திலேயே டங் என்றது. அடுத்து தண்ணீர் மரத்தின் உச்சிவரை எழும்பியது மச்சான்! மருந்துக்கடைக்காரரின் பேச்சு கூழாகிவிட்டது, டாக்டரம்மாவின் செருப்பு ஒன்று குளத்துப் பக்கம் மிதந்து போயிற்று, எல்லோரும் ஓடினார்கள். நான் மட்டும் நனைந்துகொண்டே நின்றேன். நீங்கள் கேட்ட அந்தப் பதின்மூன்றாவது குழியை நானே என் கையால் தோண்டிவிட்டேன்.

வீட்டுக்கு ஈரத்தோடு போனால் உங்கள் தங்கை துண்டுகூடக் கொடுக்கவில்லை. "எங்கண்ணன் சொன்ன இடமா?" என்றாள். தலையை ஆட்டினேன். "அத அவர்கிட்ட யாரு சொல்றது?" என்று அவளே கேட்டாள். "நீயே போன்ல சொல்லிடேன்." "நான் எதுக்குச் சொல்லணும்? அதான் எழுத்துப் படிச்சுட்டீங்களே, எழுதுங்க." அதனால்தான் இந்தக் கடிதம்.

பிறகு டாக்டரம்மா இன்னொரு வித்தை காட்டினார். அந்த மென்பொருளில் ஒரு பட்டையை இழுத்தால் பழைய வருஷத்துப் படங்கள் வரும். இழுத்துக்கொண்டே போய், நாம் குழி தோண்டுவதற்கு முந்தைய, மழையே இல்லாத அந்தக் கோடையில் நிறுத்தினார். பூங்கா முழுக்கக் காய்ந்து பழுப்பாகக் கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு பச்சைக் கோடு, குழாய் ஒழுகுகிற வழியில் புல் பிழைத்திருக்கிறது. பம்பு அறையில் கிளம்பி, பெரிய மரத்தைச் சுற்றி வளைந்து, கல் பெஞ்சுக்குப் போகிறது. நீங்கள் விரலால் காட்டிய அதே வளைவு. அதே படத்தில் புல்வெளி நடுவே குன்றிமணி அளவு சிவப்பாக நம் வண்டி நிற்கிறது. மரநிழல் ஓரத்தில் இரண்டு புள்ளிகள். நிழலை அளந்து பார்த்து, "காலையில பதினொரு மணி இருக்கும்" என்றார் டாக்டரம்மா. வேலை நேரம்! எத்தனை வருஷம் உழைத்தோம், அந்த வானத்துக் கேமரா எட்டிப் பார்த்த அன்றைக்கு நாம் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அந்த இரண்டு புள்ளியில் ஒன்று பேப்பர் வாசிக்கிறது, இன்னொன்று நம்பிக்கொண்டிருக்கிறது.

கல் பெஞ்சுக்கு அப்பால் மரங்கள் அடர்த்தி, படத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழுப் பாதையும் வரைபடத்தில் ஏறாமல் இனி ஒரு குழியும் தோண்டக்கூடாது, இந்த மாத முடிவுக்குள் ஏறாவிட்டால் அனுமதி ரத்து என்றுவிட்டார் அதிகாரியம்மா. ஒன்பது கூடையும் பம்பு அறையில் சங்கிலியோடு கிடக்கின்றன. மிச்சப் பாதை உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அன்று நான் சொன்னது தப்பு. வாயை மூடிக்கொண்டு நின்றது அதைவிடப் பெரிய தப்பு. வந்து ஒரு தடவை நடந்து காட்டுங்கள் மச்சான். நீங்கள் விரலை நீட்டும் வழியில் நான் கோடு போடுகிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள், மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது, கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆகிவிட்டது. இப்போதுதான் தபால்தலை ஒட்டினேன். உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "அண்ணன் நாளைக்குக் காலையில வர்றாரு. நீங்க முதல் பக்கத்துல இருக்கும்போதே எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்கிறாள். கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தீர்களாமே. இருந்தாலும் ஒட்டிய தலையை வீணாக்க முடியாது, கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். வீட்டுக்குத் திரும்பிப் போனதும் படித்துக்கொள்ளுங்கள். நேரில் என்னிடம் "தப்பு" என்கிற வார்த்தையை எதிர்பார்க்க வேண்டாம், வாய் வராது. நாளைக்குப் பூங்காவில் நீங்கள் வளைவு என்றால் நான் நேர் என்றுதான் சண்டை போடுவேன். கோட்டை மட்டும் வளைத்துப் போடுவேன். சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, அதனால் அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். நீங்கள் அப்போதும் பக்கத்து அறையிலேயே இருந்தாலும் சரி, தபாலில்தான் வரும்.