கோடு போட்ட மாதிரி

மூன்றாவது டம்ளரும் குளத்துத் தண்ணீர் நிறத்துக்கே வந்து சேர்ந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாள் முழுக்க மற்றவர்களிடம் கேட்டே பிழைப்பு நடத்துகிறவள். பழக்க தோஷத்தில் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கணவனிடம் கேட்டாள்.

"நல்லா பார்த்துச் சொல்லுங்க. நடுவுல கோடு தெரியுதா?"

"எந்தக் கோடு?"

"பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவுல."

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"பச்சையும் தெரியல, வெள்ளையும் தெரியல. மழை பெய்ஞ்ச மறுநாள் ரோட்டோரமா தேங்கி நிக்குமே, அதுதான் தெரியுது."

"மணி என்ன?"

"பன்னெண்டு தாண்டிடுச்சு."

நாலு மணிக்கு நாத்தனார் வருகிறாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பொய். பெரிய பொய்கூட இல்லை. கட்டைவிரலால் தட்டிய இரண்டு வரிப் பொய்.

அவனுடைய தங்கை சில மாதங்களாக வீட்டிலேயே விதவிதமாக ஏதாவது கலந்து வீடியோ போட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் போட்டது மாட்சா எஸ்பிரெசோ லாட்டே. அடியில் மாட்சா என்கிற பச்சைத் தேயிலைத் தூளைக் கரைத்தது, நடுவில் ஜில்லென்று பால், மேலே திக்கான காபி. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல், மனஸ்தாபத்தில் இருக்கும் சம்பந்திகள் ஒரே சோபாவில் உட்கார்ந்த மாதிரி, அவரவர் இடத்தில் இருந்தன. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒருத்தரும் சீந்தவில்லை.

"பாவம், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. நீ ரெண்டு வார்த்தை நல்லதா எழுதேன்," என்று கணவன் கெஞ்சினான்.

தங்கைக்கும் மனைவிக்கும் நடுவே சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஒரு குளிர்காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் இவள் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணி, இது சூப்பா, இல்ல பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று நாத்தனார் கேட்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்புதான் இன்னும் இவள் காதை விட்டு இறங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வார்கள். விசாரித்து முடித்ததும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவனும் இத்தனை வருஷமாக வானிலை அறிக்கை வாசிப்பவன் மாதிரி நடுவில் நின்று பேசிப் பேசி ஓய்ந்திருந்தான்.

அவனுக்காகத்தான் எழுதினாள்: 'செஞ்சு பார்த்தேன். கோடு போட்ட மாதிரி மூணு அடுக்கும் அப்படியே நின்னுச்சு. உங்க அண்ணா இன்னொரு டம்ளர் கேட்டாரு!'

இன்று காலை போன் வந்தது.

"அண்ணி, இன்னைக்கு லீவுதானே? நாலு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அந்த லாட்டேயை நீங்க உங்க கையால போடணும். நான் பக்கத்துலயே நின்னு பார்க்கணும்."

போனை வைத்துவிட்டு அவள் கணவனிடம் வந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டா."

"யாரு?"

"உங்க தங்கச்சி. நான் செய்யவே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. கையும் களவுமா பிடிக்கத்தான் வர்றா."

"சேச்சே, அவ அப்படிப்பட்டவ இல்ல," என்றான் அவன், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

கடை திறந்ததும் அவள் மாட்சா டப்பா வாங்கி வந்தாள். எஸ்பிரெசோவுக்கு மெஷின் வேண்டுமே! கணவன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். அங்கே வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த சின்ன காபி மெஷினை முதலாளியிடம் கேட்டு, ஒரு பெரிய தலையணை உறையில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். வழியில் இரண்டு பேர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம். மெஷின், மேட்டில் ஏறும் லாரி மாதிரி உறுமியது. காபி மட்டும் நன்றாகவே வந்தது. வந்த காபி டம்ளருக்குள் விழுந்ததும் நேராக அடிக்குப் போய்ப் பச்சையைக் கட்டிக்கொண்டு மேலே வந்தது. அப்படிப் போனவைதான் அந்த மூன்று டம்ளர்களும்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றான் கணவன்.

"சொல்லாம விடுவீங்களா?"

"மெத்தையில அடி அடுக்கு எப்பவும் அழுத்தமா இருக்கணும். மேல போகப்போக மெதுவா இருக்கணும். அடியில பலம் இல்லேன்னா படுத்தவன் உள்ளே போயிடுவான். உன் காபி அப்படித்தான் உள்ளே போகுது."

"அதுக்கு?"

"பச்சையைக் கனமாக்கு. சர்க்கரை போடு."

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அவன் சொல்வது சரியாக இருப்பதே அபூர்வம் என்பதால் அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சர்க்கரையைக் கொட்டினாள். ஸ்பூன் நட்டு வைத்த மாதிரி நிற்கும்வரை கொட்டினாள். ஆனால் இப்போது மாட்சா கட்டி கட்டியாகத் திரண்டுகொண்டது. கேக் மாவு அடிக்கும் கை மிக்ஸரை எடுத்து உள்ளே விட்டாள்.

வேகத்தைக் குறைத்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

சத்தம் நின்றபோது சுவரில் பச்சை, கூரையில் பச்சை, கணவனின் வெள்ளைச் சட்டையில் தோள் முதல் இடுப்பு வரை பச்சை.

"கட்டி போயிடுச்சா?" என்று அவன் நிதானமாகக் கேட்டான்.

"போயிடுச்சு. பாதி உங்க மேல."

மிச்சமிருந்ததை டம்ளரில் ஊற்றினார்கள். அடுத்து ஐஸ். ஐஸ் மிதந்தால் பால் மெதுவாக இறங்கும் என்று வீடியோவில் நாத்தனார் சொல்லியிருந்தாள். கடைசி ஐஸை எடுப்பவர்கள் தட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். சட்டம் இருந்தது. ஐஸ் இல்லை.

அவன் எதிர்வீட்டுக்கு ஓடினான். அங்கே நீச்சல் சொல்லித்தரும் பெண் ஒருத்தி இருந்தாள். கேட்டதுதான் தாமதம், ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் கொடுத்தாள்.

ஐஸ் போட்டார்கள். பாலை இறக்கினாள். பிறகு ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் காபியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூச்சுகூட விடவில்லை.

அடியில் பச்சை. நடுவில் வெள்ளை. மேலே பழுப்பு.

இரண்டு பேரும், அழுது அழுது அப்போதுதான் தூங்கிப்போன குழந்தையின் தொட்டிலைப் பார்ப்பதுபோல நின்றார்கள்.

"நின்னுடுச்சு," என்று அவன் கிசுகிசுத்தான்.

"பேசாதீங்க. ஆடிடப் போகுது."

ஆடவில்லை. ஆனால் வெள்ளைக்குள் ஏதோ நடந்தது. முதலில் பொடிப்பொடியாக, பிறகு பஞ்சு பஞ்சாக, பால் பிரிந்து ஒரு பகுதி மேலே போனது, ஒரு பகுதி கீழே வந்தது, நடுவில் தெளிந்த தண்ணீர் நின்றது.

"மூணு கேட்டோம், அஞ்சு வந்திருக்கு," என்றான் கணவன்.

"பால் எப்படித் திரிஞ்சுது? காலையிலதானே வாங்கினோம்?"

எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாள். "ஐஸ் எப்படி இருந்துச்சு? சொல்ல மறந்துட்டேன், அது எலுமிச்சம்பழச் சாறு. வெயில்ல வேலை முடிஞ்சு வந்தா நாலு கட்டி தண்ணியில போட்டுக் குடிப்பேன். எடுப்பா இருக்கும்."

"ரொம்ப எடுப்பா இருந்துச்சுங்க," என்றான் அவன்.

கதவைச் சாத்தியதும் அவள் சொன்னாள்: "இந்த வீட்ல பொய் வளர்ந்துகிட்டே போகுது."

பால் ஒரு டம்ளருக்குத்தான் மிச்சம் இருந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னால் வந்த வினை என்ற குற்ற உணர்ச்சியில் அலமாரியைக் குடைந்து, எப்போதோ புட்டிங் செய்ய வாங்கி மறந்துபோன ஜெலட்டின் பொட்டலத்தை எடுத்து வந்தான்.

"ஒவ்வொரு அடுக்கா உறைய வச்சுடலாம். பூகம்பமே வந்தாலும் அசையாது."

"அது மோசடிங்க."

"நீ எழுதினது?"

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

பச்சை உறைந்தது. அதன் மேல் வெள்ளை உறைந்தது. அதன் மேல் காபி உறைந்தது. மூன்றரைக்கு ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்த டம்ளரைப் பார்த்தால், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம். கோடு கோடு மாதிரியே இருந்தது. அவன் சாய்த்துப் பார்த்தான். அசையவில்லை.

"முதல் தர மெத்தை," என்றான் பெருமையாக.

"குடிக்கறேன்னு சொன்னா?"

"அதுக்கும் வழி இருக்கு. முன்னாடியே போட்டு வச்சுட்டேன்னு நீ சொல்லு. தூரத்துலேர்ந்து பார்க்கட்டும். நான் 'இந்தாம்மா'ன்னு எடுத்துட்டு வரும்போது, விரிப்புல கால் தடுக்கிக் கீழே போட்டுடறேன்."

நம்பும்படியாக விழ வேண்டுமே! கூடத்தில் வெறும் கையோடு தடுக்கித் தடுக்கிப் பழகினான். அவள் கதவோரம் நின்று, "முதல்லயே முழங்காலை மடக்காதீங்க," என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

நாத்தனார் முன்னால் வந்தாள். பின்னால் அவள் கணவர், அந்தக் குடும்பத்தின் மாப்பிள்ளை. வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். "மச்சான்", "தங்கச்சி" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே ஒரு முழுக் கல்யாணத்தையும் சமாளித்தவர்.

"வாங்க மாப்பிள்ளை."

"மச்சான்," என்றார் அவர்.

நாத்தனார் உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இது என்ன அண்ணா?"

"டிசைன்," என்றான் அண்ணன்.

"ஓ! அண்ணி, ஆரம்பிங்க. எந்த ஸ்பூன், எவ்வளவு உயரத்துலேர்ந்து ஊத்தறீங்க, எல்லாத்தையும் நான் பார்க்கணும்."

வக்கீல்கூட இப்படிக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டான். இவள் மெஷினை அழுத்தினாள். அது ஒருமுறை உறுமியது. டப் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, வீடே மௌனமானது.

"அடடா! கரண்ட் போயிடுச்சே!" என்றான் கணவன், லாட்டரி விழுந்தவனின் குரலில்.

"பரவாயில்லண்ணா, இதோ ஒண்ணு ரெடியா இருக்கே!" நாத்தனார் மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்துவிட்டாள். அவன் அதைப் பறிக்கப் பாய்ந்தான். பாய்ந்தவன் விரிப்பில் கால் வைத்ததும், பழகிய உடம்பு கேட்கவில்லை. வெறும் கையோடு வெகு தத்ரூபமாகத் தடுக்கி விழுந்தான்.

அவனை யாரும் கவனிக்கவில்லை. நாத்தனார் டம்ளரைக் கண்ணருகே பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு அழகா நிக்குது அண்ணி!"

உதட்டில் வைத்துச் சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தாள். மூக்கு டம்ளருக்குள் போனது. காபி அடுக்கு லேசாக நடுங்கியது, இறங்கவில்லை. கடைசியில் டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையை அடியில் நீட்டினாள்.

"அண்ணி... இது வர மாட்டேங்குது."

"வராதும்மா," என்றாள் இவள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மற்றவை தானாக வந்தன. "அது ஜெலட்டின் போட்டு உறைய வச்சது. நான் இதைச் செய்யவே இல்ல. செய்யாமலேதான் அன்னைக்கு எழுதினேன். இன்னைக்குக் காலையிலேர்ந்து போட்டுப் போட்டுப் பார்க்கறேன், ஒண்ணுகூட நிக்கல. கூரையில இருக்கறது டிசைன் இல்ல, மாட்சா. நீ சோதிக்க வந்தே, நான் தோத்துட்டேன். அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் தோள் இரண்டும் லேசான மாதிரி இருந்தது. அந்தப் பழைய சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவைகூடவா நிக்கல, அண்ணி?"

"ஒரு தடவைகூட."

நாத்தனாரின் கண்கள் கலங்கின. திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வாழ்நாளிலேயே முதல் தடவையாக நீளமாகப் பேசினார்.

"வீடியோவுல நின்னது, எங்க வீட்டு ஜன்னலுக்கு அடிச்சது போக மீந்த பெயின்ட், தங்கச்சி, நீங்க ஒருத்தராவது நெஜமாவே செஞ்சுட்டீங்களேன்னு, கத்துக்கிட்டுப் போகத்தான் இவ ஓடி வந்தா."