மாதா கொடிக்கு ஒரு சல்யூட்

நந்திதுர்க்,
கோலார் தங்க வயல்.
ஆகஸ்ட் 18

என் தங்கை லூயிசாவின் கணவரும் ஓய்வுபெற்ற ஹவில்தாருமான மச்சான் ராஜேந்திரன் அவர்களுக்கு, மாதாவின் துணை என்றும் இருக்க வேண்டி லாய்ட் எழுதுவது. இங்கே எனக்கும் உங்கள் அக்கா ஷோபாவுக்கும் சுகத்தில் குறைவில்லை. உங்கள் முட்டிவலியும் லூயிசாவின் சர்க்கரையும் பெங்களூர்க் குளிரில் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருப்பேன். என் பேரைப் பார்த்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஈஸ்டர் பிரியாணியைப் பாதியில் விட்டு நீங்கள் எழுந்து போய் நாலு மாதம் ஆகிறது. முனிசிபல் எலெக்‌ஷன் நேரம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று கோயில் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் பீடத்தருகே நின்று நான் வாசித்தேன். கோயிலில் கட்சி எதற்கு என்று நீங்கள் சாப்பாட்டில் கேட்டீர்கள். உங்களுக்கு மாதாவைவிடக் கொடிதான் பெரிது என்று நான் சொன்னேன். அது முடிந்த கதை, அதற்காக எழுதவில்லை. உங்கள் பட்டாளத்து நண்பர்கள் குரூப்பில் ஒரு வீடியோ வந்திருக்குமே, அதில் வாயைப் பிளந்து நிற்பவன் நான்தான். ஆனால் தப்பு என்னுடையதில்லை.

ஆகஸ்ட் பதினைந்து, சுதந்திர தினமும் மாதா விண்ணேற்புத் திருநாளும் சேர்ந்து, நமக்கு இரட்டைப் பண்டிகை என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பெரிய கோயில்களில் மாதா கொடி பத்து நாள் முன்னாலேயே ஏறிவிடும், நம் சின்னக் கோயிலுக்கு ஒரே நாள் திருவிழா, அதனால் வாசலில் இரண்டு கம்பம், ஒன்றுக்கு மூவர்ணம், இன்னொன்றுக்கு மாதா படம் போட்ட வெள்ளையும் நீலமுமான கொடி, இரண்டிலும் பூ வைத்து வெள்ளையை வெளியே விட்டு மடிப்பது வழக்கம், மடித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி பொட்டலம். மணியடிக்கும் நம்ம கோயில்பிள்ளை சம்பங்கி கண்ணில் புரை விழுந்த மனுஷன், மாற்றிக் கட்டிவிட்டான். கவுன்சிலர் காத்தவராயன் கயிற்றை இழுத்தார். பூ கொட்டிச்சு, பூவுக்கு மேலே மாதா சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. பேண்டுக்காரங்களுக்கு மேலே பாக்கிற வழக்கமே கிடையாது, கயிறு ஆடினதும் ஜன கண மன ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் யாரால அசைய முடியும், சொல்லுங்க? ஐம்பத்திரண்டு விநாடி! கவுன்சிலர் சல்யூட் அடிச்ச கையை இறக்கல. எதிர்வீட்டு ரத்தினம்மா மாரியம்மனைத் தவிர வேற யாரையும் கும்பிடாதவங்க, அவங்களே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. முடிஞ்சதும் மாத்திடலாம்னா, தேசியக்கொடியைப் பொட்டலமாத் தொங்கவிடறது மரியாதையில்லைன்னு ஃபாதர் அடுத்த கம்பத்துக் கயிற்றை இழுத்துட்டார். பாடகர் குழு ரெடியா நின்னவங்க, மூவர்ணத்தைப் பாத்து மாதா பாட்டை மூணு சரணமும் பாடி முடிச்சாங்க.

அன்னைக்கு மத்தியானமே ஒரு கட்சிக்காரங்க வந்துட்டாங்க, மன்னிப்புக் கேட்கணுமாம். சாயங்காலம் இன்னொரு கட்சி, சால்வையோட, நான் துணிஞ்சு நின்னேனாம், அவங்க மேடையில பேசணுமாம். ஷோபா ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே பால்ல டீ போட்டுக் குடுத்தா. ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னா லாய்ட்டு, நீ நாட்டுப் பக்கமா, கோயில் பக்கமா?"

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்து பாருங்க," என்றேன். "நாட்ட ஆள்றவங்களுக்குன்னு ஒரு மன்றாட்டு கீது, நான்தான் வாசிக்கிறேன். நான் ஓட்டுப் போடாதவன் ஜெயிச்சாலும் அவனுக்கும் சேத்துத்தான். பல்லக் கடிச்சிகினு வாசிப்பேன், ஆனா வாசிப்பேன்."

சால்வையை ரத்தினம்மாவுக்குப் போடச் சொல்லி அனுப்பிட்டேன்.

மச்சான், ஊர் என்னை என்ன வேணும்னாலும் நினைக்கட்டும். லடாக் பனியில ரெண்டு கால் விரலை விட்டுட்டு வந்தவர் நீங்க. லாய்ட் வேணும்னே கொடியை மாத்தினான்னு நீங்க நினைச்சுட்டா அதை என்னால தாங்க முடியாது. அதுக்குத்தான் இந்தக் கடிதம். இதை வெச்சு நீங்க ஜெயிச்சதா எண்ண வேண்டாம். கமிட்டிப் பதவியை விட்டுட்டேன், அது ரத்தக்கொதிப்புக்காக, நீங்க சொன்னதுக்காக இல்லை. நீங்க இதுக்காக வண்டி ஏறி வரவும் வேண்டாம். உண்மை தெரிஞ்சாப் போதும்.

லூயிசாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. ஆண்டவர் உங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
லாய்ட்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரிச்சு எழுதறேன். சம்பங்கிக்குப் போன மாசமே ஆபரேஷன் ஆகி, ஊசியில நூல் கோக்கிறான். மடிச்சதும் கட்டினதும் நான்தான். மூவர்ணத்தை விரிச்சா எதிர்முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும், இருபது வருஷமா அது நீங்க. சம்பங்கி பிடிக்கட்டுமான்னு கேட்டான், வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். அந்த முனையைப் பெஞ்சு மேல போட்டு, பறக்காம இருக்க என் பைபிளை வெச்சு, தனியா மடிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு மச்சான், எந்தப் பொட்டலம் எதுன்னு பாக்காமலே கொண்டுபோய்க் கட்டிட்டேன். ஈஸ்டர் அன்னைக்கு நான் வாசிச்சதும் தப்பு, சொன்னதும் தப்பு. வரவேண்டாம்னு மேலே எழுதினதை அடிச்சுடுங்க. ஜனவரி இருபத்தாறுக்கு முதல் நாளே மாரிக்குப்பம் ரயில்ல வந்துடுங்க, ஸ்டேஷன்ல நிப்பேன். அந்த முனையை வேற யாருக்கும் குடுக்கல.