பேர் சொல்ல ஒரு ஆள்

நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் இங்கிலீஷ் படித்தே தீருவதென்று முடிவு செய்துவிட்டால், பிரிட்டிஷ் ராஜாங்கமே வந்தாலும் தடுக்க முடியாது. என் மனைவி விசாலாட்சியால் முடியும்.

பதுளைக் கடைத்தெருவில் எனக்குத் துணிக்கடை. அப்பா கண்ணை மூடியதும், மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு முழக்கோலை எடுத்தவன் நான். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, கூலி ஆட்களுக்குக் கம்பளி வாங்க வருவார். அவர் வாயால் கேட்பார். நான் கையாலும் காலாலும் பதில் சொல்வேன். ஒருநாள் சிரித்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிவஞானம் வாத்தியார் பெரியவர்களுக்கென்று இங்கிலீஷ் வகுப்பு தொடங்கியிருந்தார். பாதியில் ஓடிப்போகிறவர்கள் அதிகமாம். அதனால் ஒரு சட்டம்: வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து, மாணவன் பேரைத் தன் வாயால் சொல்லி, பொறுப்பேற்க வேண்டும். இந்தச் சீமையில் எனக்கு வீட்டு ஆள் விசாலாட்சி ஒருத்திதான். பயந்துகொண்டே கேட்டேன்.

“அதுக்கென்னங்க, வர்றேன்” என்றாள்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம் வாத்தியாரின் சம்சாரம் அவளைப் பெண்கள் வகுப்புக்கு அழைக்க வந்தபோது, “அடுப்பு ஊதுறவளுக்கு அரிச்சுவடி எதுக்கு?” என்று திருப்பி அனுப்பியவன் நான். விசாலாட்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போய் நின்றேன். வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். பேனாவை மையில் தோய்த்தார்.

“அம்மா, இவற்ற பேரைச் சொல்லுங்கோ.”

விசாலாட்சி தலை குனிந்தாள்.

“சொல்லு புள்ள!” என்றேன்.

“புருசன் பேரை எப்புடிங்க சொல்றது?”

கல்யாணமான நாள் முதல் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. கதிர்காமத்துத் திருவிழாவைக்கூட அங்கே ஓடும் ஆற்றின் பேரால் ‘மாணிக்க கங்கைத் திருவிழா’ என்றுதான் சொல்லுவாள். இதைப் போய் மறந்தேனே!

“நானே சொல்றேங்க ஐயா. கதிர்காமநாதன்!”

“நீர் சொன்னால் செல்லாது. அம்மா, எழுதிக் காட்டினாலும் போதும்.”

“எழுதத் தெரியாதுங்க. படிக்க ரொம்ப ஆசை. விடலீங்க.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நடிப்பில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வாத்தியார் என்னைப் பார்த்த பார்வைக்குத் துரையின் சிரிப்பே தேவலை.

“அப்ப முதல்ல நீங்கள் சேருங்கோ அம்மா. இவற்ற பேரை எழுதித் தாற அண்டைக்கே இவரையும் சேர்க்கிறன்.” என் பக்கம் திரும்பினார். “இவவின்ர வீட்டு ஆள் நீர்தானே? அம்மாவின்ர பேரென்ன?”

“விசாலாட்சி” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

“பொறுப்பு?”

“நான்தானுங்க.”

வருஷம் ஒன்று போய்விட்டது. இப்போது துரை வந்தால் அவள்தான் இங்கிலீஷில் பேசுகிறாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்கிறார்.

நேற்று அடுக்களையில் அவள் சிலேட்டை எட்டிப் பார்த்தேன். பதுளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை, லுணுகலை என்று ஊவா மாகாணமே அதில் இருந்தது. ஓர் ஊரைத் தவிர.

“கதிர்காமம் எங்க புள்ள?” என்று கெஞ்சினேன். பாதிப் பெயராவது கிடைக்கட்டுமே!

“எழுதுனாலும் சொன்ன மாதிரிதானுங்களே!” என்று நாணத்தோடு சிலேட்டைத் திருப்பி வைத்தாள். “அடுப்பு அணையுது பாருங்க. நல்லா ஊதுங்க.”