சமூக அறிவியலுக்கு நான் போட்ட தடை

புரட்டாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை டீ குடித்த கையோடு, என் வீட்டில் சமூக அறிவியலைத் தடை செய்தேன். வரலாறு கூடாது. புவியியல் கூடாது. குடிமையியல் கூடவே கூடாது. குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது, எனக்கெதற்குக் குடிமையியல்?

"இனிமே இந்த வீட்டுல அந்தப் புக்கு சத்தமே கேக்கக் கூடாது," என்றேன்.

என் மனைவி கொளஞ்சியம்மாள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரிங்க."

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்ன பிறகு எனக்கு எதுவும் சரியாக நடந்ததில்லை. அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

என் பெயர் ஆதிமூலம். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. ஆறாவது வரை படித்தேன். ஆறாவதில் இந்தியா மேப்பைக் கொடுத்து நதிகளைக் குறிக்கச் சொன்னார்கள். நான் கங்கையை ராஜஸ்தான் பக்கம் திருப்பிவிட்டேன். வாத்தியார் என்னை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். கொளஞ்சி ஐந்தாவதோடு சரி. எங்கள் வீட்டில் நான் அவளைவிட ஒரு படி மேலே இருந்த ஒரே விஷயம் அதுதான்.

எங்களுக்கு ஒரே பெண். செந்தமிழ். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தடைக்கு இரண்டு வருடம் முன்னால், கார்த்திகை மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள். ஐந்தாவது நாள் நாங்கள் இரண்டு பேராகிவிட்டோம்.

அதற்கப்புறம் நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வரும். அங்கேயே நிற்கும். பள்ளிக்கூடப் பையை நான்தான் பரண் மேல் ஏற்றினேன். கொளஞ்சிக்குப் பேச்சே நின்றுபோனது. சோறு போட்டால் "சாப்பிடுங்க". வெளியே கிளம்பினால் "போறேன்". ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. மழை நாளில் மூன்று.

தடை போட்ட வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பையை இறக்கினாள். அதிலிருந்து சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்தாள். செந்தமிழுக்குப் பிடித்த பாடம் அது. சாயந்திரமானால் கொளஞ்சி வாசல்படியில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். படித்ததோடு விட்டாளா? என்னைக் கேள்வி வேறு கேட்டாள்.

"ஏங்க, பிளாசிப் போரு எந்த வருஷம் நடந்துது?"

"எனக்கு எப்டித் தெரியும்? அன்னிக்கு நான் வேலைக்குப் போயிருப்பேன்."

"ஆயிரத்து எழுநூத்து அம்பத்தேழு."

"அப்ப லீவு போட்டிருப்பேன். விடு."

"ஏங்க, உப்பு அள்ளினாங்கன்னு எவ்ளோ பேரை ஜெயில்ல போட்டிருக்கான் வெள்ளக்காரன்!"

"நான் இருவத்தஞ்சு வருஷமா அள்ளுறேன். முட்டி தேஞ்சதுதான் மிச்சம். ஜெயில்ல போட்டிருந்தா உக்காரவாச்சும் விட்டிருப்பாங்க."

"ஏங்க, ஆளுநரை யாரு நியமிக்கிறாங்க?"

"நம்ம வீட்டுக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். ஒன்றரை வருடத்துக்கப்புறம் வந்த முதல் சிரிப்பு. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. அவள் எழுத்துக்கூட்டி இழுத்து இழுத்துப் படிக்கும்போது, கண்ணை மூடினால் செந்தமிழ் உட்கார்ந்து படிக்கிற மாதிரியே இருந்தது. கண்ணைத் திறந்தால் இல்லை. தினமும் சாயந்திரம் கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது.

'கொளஞ்சிக்கு இது ஆகாது, மனசு கெட்டுடும்' என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். யாருக்கு ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் தடை.

தடைக்கு அவள் கட்டுப்பட்டாள். சத்தம் நின்றது. உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள். அந்த உதட்டசைவு சத்தத்தைவிட மோசமாக இருந்தது. ஆகவே அடுத்த நடவடிக்கையில் இறங்கினேன். புத்தகத்தையே திருடினேன். ஒரு பழைய லுங்கியில் சுற்றி, பக்கத்து வீட்டு சாலமனிடம் கொண்டுபோனேன். அவனும் என்னோடு உப்பு வாருகிறவன்தான்.

"சாலமன், இத உன் வீட்டுல எங்கனாச்சும் வை. யாருக்கும் தெரியக் கூடாது."

அவன் லுங்கியைப் பிரித்துப் பார்த்தான். "இன்னாண்ணா, நம்ம பாப்பா புக்கு மாதிரி இருக்குது?"

"மாதிரி இல்ல. அதேதான்."

அவன் முகம் சின்னதாகிவிட்டது. "வேணாம்ணா. அண்ணிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

"தெரியாது. நீ மேரிசெல்விகிட்ட மட்டும் சொல்லாத."

"என் பொண்டாட்டிகிட்ட நான் எதையுமே சொல்றதில்லண்ணா. அவளே கண்டுபிடிச்சுக்குவா."

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. பத்து நாள் போனது. கொளஞ்சி புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவில்லை. தேடவில்லை. திருடினவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"ஏன் கொளஞ்சி, வீட்டுல ஏதாவது காணாமப் போச்சா?"

"இல்லீங்களே."

"எலி ஜாஸ்தியாயிடுச்சு. கண்ட பொருளையும் இழுத்துட்டுப் போவுது."

"ஆமாங்க. புக்கை லுங்கியில சுத்தி எடுத்துட்டுப் போயி, சாலமன் தம்பி வீட்டு அரிசி டிரம்முல வெச்சிருக்குது. மறுநாளே மேரிசெல்வி சொல்லிட்டா. நான் மத்தியானத்துல அங்க போயிதான் படிக்கிறேன்."

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"நான் எட்டாவது பரீட்சை எழுதப் போறேங்க. பிரைவேட்டா."

"இந்த வயசுலயா?"

"உங்களுக்குத் தொந்தரவே இருக்காது. புக்கு அவங்க வீட்டுலயே இருக்கட்டும். இங்க நான் உதட்டைக்கூட அசைக்க மாட்டேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும். அப்புறம் ஒரு போட்டோ, ஆதார் ஜெராக்ஸு."

"நான் எதுக்குக் கையெழுத்து போடணும்?"

"புருஷன் சம்மதம் வேணுமாங்க."

என் மார்பு விரிந்தது. அரசாங்கம் ஒன்று இருக்கிறது, அது புருஷனை மதிக்கிறது! சட்டையை மாற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய், மீசையைத் தடவிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்திருக்கலாம். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துத் தெரியாது. கண்ணாடி தேடினால் கௌரவம் என்ன ஆவது? வெள்ளைக்காரன் இப்படிக் கையெழுத்து வாங்கி வாங்கித்தான் ராஜாக்களைக் கவிழ்த்தான் என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத்தான் நான் தடை செய்துவிட்டேனே.

ஐப்பசி மழை பிடித்தது. பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று உப்பளத்தில் வேலை நின்றது. நான் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தேன். கொளஞ்சி நனைந்துகொண்டே வந்தாள். பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து இரண்டு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்றில் அவள் போட்டோ. இன்னொன்றில் என் மீசை.

"இது இன்னா?"

"ஹால் டிக்கெட்டுங்க."

"உனக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு உங்களுக்கு. நீங்களும் எட்டாவது எழுதுறீங்க."

எழுந்து உட்கார்ந்தேன். "புருஷன் சம்மதம்னு சொன்னியே!"

"அப்படி ஒரு சட்டமே இல்லீங்க. பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் ஒரே உரிமைதான். குடிமையியல்ல இருக்குது."

"ஏமாத்திட்ட கொளஞ்சி."

"ஆமாங்க." அவள் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே இருந்தாள். துண்டு முகத்தை விட்டு இறங்கவில்லை. "வேற எப்டிங்க உங்களை அந்தப் புக்கைத் தொட வைக்கிறது? புள்ள அது பூரா எழுதி வெச்சிருக்குது. ஜூன் மாசத்துலேர்ந்து நான் ஒருத்தியே படிச்சிட்டிருக்கேன். தனியா முடியலீங்க."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அரிசி வாசனை அடித்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பச்சை மையில் உருண்டை உருண்டையான எழுத்து. ஒரு வெள்ளைக்கார கவர்னர் படத்துக்குப் பெரிய மீசை வரைந்து, 'எங்க அப்பா, கோபமாக' என்று எழுதியிருந்தாள். ஒரு போருக்குப் பக்கத்தில், 'இதுவும் தோல்வியா! ச்சே!' மாநில அரசு பாடத்தில், 'அம்மாதான் முதலமைச்சர். அப்பா கவர்னர். கையெழுத்து மட்டும் போடுவார்.' அது எப்படித்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததோ.

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. கொளஞ்சி பக்கத்தைத் திருப்பினாள்.

நீரியல் சுழற்சி என்று ஒரு பாடம். கடல், சூரியன், மேகம், மழை எல்லாம் அம்புக்குறி போட்ட படம். அதன் ஓரத்தில் எழுதியிருந்தது: 'கடல் தண்ணி மேலே போகும்போது உப்பு ஏன் கூடவே போகலை? அப்பாவைக் கேக்கணும்.'

கேட்கவில்லை. எப்போது எழுதினாளோ. நான் வேலை முடிந்து வந்து அசந்து கிடந்திருப்பேன். அப்புறம் காய்ச்சல் வந்துவிட்டது.

உலகத்தில் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி எத்தனை இருக்கும்? ஒன்றுதான் இருக்கும். அதைத்தான் அவள் எழுதி வைத்திருந்தாள்.

"செந்தமிழு," என்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. குரல் என் குரலாகவே இல்லை. "வெயிலு தண்ணிய மட்டும்தாம்மா தூக்கும். உப்பைத் தூக்காது. உப்பு அடியிலயே தங்கிடும். பாத்தியில ஓரத்துலதான் முதல்ல பூக்கும், பாத்திருப்பியே, வெள்ளையா, பொடிப்பொடியா..."

கொளஞ்சி என் தோளில் கை வைத்திருந்தாள். இரண்டு பேரும் அழுதோம். பிள்ளையை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட நாங்கள் சேர்ந்து அழவில்லை. கொளஞ்சி உள்ளே அழுதாள், நான் வாசலில் நின்றேன்.

மழை விடுகிற வரைக்கும் படித்தோம். அவள் கேட்பாள், நான் விழிப்பேன். தை மாதம் திண்டிவனத்தில் பரீட்சை. சாலமனும் மேரிசெல்வியும் பஸ் ஏற்றிவிட வந்தார்கள். ஆளுக்கொரு பேனா வாங்கிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஜோடியாக எங்களை வழியனுப்ப யாரும் வந்ததில்லை.

தமிழ் பரவாயில்லை. இங்கிலீஷ் தாளில் என் பெயரை எழுதினேன், அதையும் தமிழில். கணக்கும் அறிவியலும் வந்த வழி தெரியாமல் போயின. கடைசியாக சமூக அறிவியல். கொளஞ்சி எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கேள்வித்தாளைப் புரட்டினேன். ஐந்து மார்க் கேள்வி ஒன்றில் கண் நின்றது. 'நீரியல் சுழற்சியைப் படம் வரைந்து விளக்குக.'

கடலை வரைந்தேன். உப்பங்கழியிலிருந்து தண்ணீர் பாய்கிற வாய்க்காலை வரைந்தேன். பாத்தி, வரப்பு, சூரியன், மேகம். அப்புறம் எழுத ஆரம்பித்தேன். தண்ணீர் எப்படி மேலே போகிறது, எப்படி மழையாகத் திரும்பி வருகிறது, உப்பு ஏன் போகாமல் நிற்கிறது, எந்த மாதத்து உப்பு நல்ல உப்பு, எந்தக் காற்றுக்கு அது கரையும். கூடுதல் தாள் வாங்கினேன். இன்னொன்று வாங்கினேன். செந்தமிழ் கேட்டிருந்தால் அடுத்து என்னென்ன கேட்டிருப்பாளோ, அதற்கெல்லாம் பதில் எழுதினேன். மணி அடித்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வேறு ஒரு கேள்வியையும் நான் தொட்டிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. மேரிசெல்வி போனில் பார்த்துச் சொன்னாள். கொளஞ்சி எல்லாப் பாடத்திலும் பாஸ். சமூக அறிவியலில் எழுபத்தொன்று. நான் தமிழில் பாஸ். மற்றதெல்லாம் பெயில். சமூக அறிவியலில் நூற்றுக்கு ஐந்து.

"அஞ்சு!" சாலமன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிக்காதடா. நான் எழுதினது ஒரே ஒரு கேள்வி. அதுக்கு அஞ்சு மார்க்கு. அஞ்சுக்கு அஞ்சு வாங்கியிருக்கேன்," என்றேன். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவனும் சிரிப்பை விட்டுவிட்டான்.

அவர்கள் போன பிறகு கொளஞ்சியைக் கேட்டேன்.

"உப்புத் தண்ணி கேள்விக்கு நீ இன்னா எழுதின?"

"நான் எழுதலீங்க."

"ஏன்? உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே."

"தெரியுங்க. தெரிஞ்சேதான் விட்டுட்டேன். புள்ள கேட்டது உங்களைத்தானே. நான் எப்டிப் பதில் எழுதுறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்பில் காய்த்த கைக்குள் அவள் கை சின்னதாக இருந்தது. அவளும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தாள். அப்புறம் மெதுவாக விடுவித்துக்கொண்டு சொன்னாள்:

"ஆனா, மத்த தொண்ணூத்தஞ்சு மார்க்குக்கும் கேட்டது உங்களைத்தாங்க."